கணக்கில் வராத சரக்கு: வாடிக்கையாளர் தகவலும் புதிய சட்டமும்

ஆண்டு முடிவில் வியாபாரிகள் இருப்புக் கணக்கு எடுப்பது வழக்கம். இறாக்கையில் உள்ள சரக்கு, களஞ்சியத்தில் உள்ள மூட்டைகள், வங்கி மீதி, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் என எல்லாம் கொப்பியில் ஏறிவிடும். ஆனால், அதே கடையில் இருந்தும் எந்தக் கணக்கிலும் வராத ஒரு சரக்கு உண்டு. அதுதான் மற்றவர்களைப் பற்றிய தகவல்.

தவணைக்குப் பொருள் வாங்கியவரின் அடையாள அட்டைப் போட்டோ பிரதி, டெலிவரிக்காக வட்ஸ்அப்பில் வந்த வீட்டு முகவரி, வேலையாட்களின் சம்பள விபரம், சீ.சீ.ரி.வி. கமராவில் பதிவான முகங்கள், பாமசியில் வாங்கி வைத்த மருந்துத் துண்டு, ஆய்வுகூடத்தில் தேங்கிய இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை விலை கொடுத்து வாங்காததால், இவற்றுக்கு ஒரு பெறுமதி இருப்பதாக நாம் நினைப்பதில்லை. தொலைந்தாலும் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த நிலை இப்போது மாறி வருகின்றது. உலகின் பல நாடுகளில் மாறிவிட்டது. எமது நாட்டிலும் அதற்கான சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எமது வர்த்தகர்கள், குறிப்பாக பாமசி, தனியார் மருத்துவ நிலையம், ஆய்வுகூடம் ஆகியவற்றை நடத்துவோர், இது பற்றி அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

லண்டன் பாமசியின் பின்புற முற்றம்

தரவுப் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் பெரிய கணினிகளும் அவற்றை உடைத்து நுழையும் திருடர்களும்தான் நினைவுக்கு வருகின்றனர். எமது கடையில் ஒரு கணினிகூட இல்லையே, இதில் எமக்கு என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்காகவே ஒரு சம்பவத்தைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

லண்டனில் முதியோர் இல்லங்களுக்கு மருந்து விநியோகித்து வந்த ‘டோர்ஸ்டெப் டிஸ்பென்சரி’ என்ற பாமசி நிறுவனத்தை, வேறொரு விடயம் தொடர்பாக 2018ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதனையிட்டனர். அப்போது கட்டடத்தின் பின்புறம், பூட்டப்படாத பெட்டிகளிலும் பைகளிலும் குவித்து வைக்கப்பட்டிருந்த கடதாசிகள் அவர்களின் கண்ணில் பட்டன. நோயாளிகளின் பெயர், முகவரி, பிறந்த திகதி, அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகள் எல்லாம் அவற்றில் இருந்தன. சில கடதாசிகள் மழையில் நனைந்தும் போயிருந்தன.

யாரும் அவற்றைத் திருடியதாகத் தெரியவரவில்லை. எனினும், அந்நாட்டின் தகவல் ஆணையாளர் 2019 டிசம்பரில் அந்நிறுவனத்துக்கு 2,75,000 பவுண் தண்டம் விதித்தார். நிறுவனம் மேன்முறையீடு செய்தது. கடதாசிகளின் எண்ணிக்கை முதலில் கணித்ததை விடப் பல மடங்கு குறைவு எனக் கண்ட தீர்ப்பாயம், 2021இல் தண்டத்தை 92,000 பவுணாகக் குறைத்தது. குறைந்ததே தவிர நீங்கவில்லை. கணினித் திருட்டு எதுவும் இல்லை. பூட்டாத பெட்டியும் நனைந்த கடதாசியும் மட்டுமே அங்கே குற்றமாயின.

எமது ஊர்களில் பழைய கடதாசிக்கு என்ன நடக்கின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கிலோ கணக்கில் நிறுத்து விற்கப்படும் கடதாசி, கச்சான் சரையாகவும் வடை சுற்றும் தாளாகவும் மறுபடி எம் கைக்கே வருகின்றது. அந்தச் சரையைப் பிரித்துப் பார்த்தால் யாரோ ஒருவரின் பரிசோதனை அறிக்கையோ வங்கிப் படிவமோ இருக்கக் காண்பது எமக்குப் புதிதல்ல. இதுவரை அது வேடிக்கையாக இருந்தது. இனி அது சட்டப் பிரச்சினையாகும்.

எமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி சபாநாயகரால் சான்றுரைப்படுத்தப்பட்டது. இதன் கீழ் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைப்பதற்கான பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வர்த்தகர்களையும் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்கவிருந்தன. எனினும் ஆயத்தம் போதாது என்ற நிலையில் அது பிற்போடப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டு, தொடங்கும் நாளை அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் குறிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. எனவே எந்தப் பகுதி எந்த நாளில் தொடங்குகின்றது என்பதை வர்த்தமானியைப் பார்த்தோ சட்டத்தரணியைக் கேட்டோ உறுதிசெய்து கொள்வது நல்லது.

சட்டத்தின் சாரத்தை ஒரு வியாபாரிக்குப் புரியும் விதத்தில் இவ்வாறு சொல்லலாம். ஒருவரின் தகவலை வாங்குவதற்கு சட்டபூர்வமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. சொன்ன காரணத்துக்கு அப்பால் பயன்படுத்தக் கூடாது. பிழையாக இருந்தால் திருத்த வேண்டும். தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்கும் காலம்வரை பாதுகாக்க வேண்டும்.

தகவலுக்கு உரியவருக்கும் உரிமைகள் உண்டு. என்னைப் பற்றி நீங்கள் என்ன வைத்திருக்கின்றீர்கள் என்று அவர் கேட்கலாம். திருத்தும்படியும், குறித்த சூழ்நிலைகளில் அழிக்கும்படியும் கோரலாம். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறலாம். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடை உரிமையாளரின் கடமையாகும்.

மீறுவோருக்கு ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதிகார சபைக்கு வழங்கியது. இது உச்ச அளவு. மீறலின் தன்மை, பாரதூரம், பாதிப்பைக் குறைக்க எடுத்த முயற்சி போன்றவற்றைக் கவனித்தே தொகை தீர்மானிக்கப்படும். வீட்டுத் தேவைக்காக மட்டும் ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் விற்பனைத் தொகையை வைத்து சிறு கடைகளை விலக்கும் ஏற்பாடு எதுவும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை என்பதை எமது சிறு வியாபாரிகள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

விசேட வகைத் தகவல்கள்

எல்லாத் தகவலும் ஒரே தரத்தவை அல்ல. உடல்நலம், இனம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, பரம்பரை அலகு, கைவிரல் அடையாளம் போன்ற உயிரியல் அடையாளங்கள், குற்ற வழக்குகள், சிறுவர் பற்றிய விபரங்கள் முதலானவற்றைச் சட்டம் விசேட வகையாக ஒதுக்கி, கூடுதல் பாதுகாப்பை வேண்டுகின்றது.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசித்தால், இதற்குள் எத்தனை தொழில்கள் அடங்குகின்றன என்பது விளங்கும். வைத்தியசாலை, பாமசி, ஆய்வுகூடம், மூக்குக்கண்ணாடிக் கடை ஆகியவை வெளிப்படையானவை. ஹஜ், உம்ரா முகவரின் மேசையில் கடவுச்சீட்டும் தடுப்பூசி விபரமும் மத அடையாளமும் ஒரே கோப்பில் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவரிடம் மருத்துவப் பரிசோதனை அறிக்கை இருக்கின்றது. திருமண சேவை நடத்துபவரிடம் குடும்பத்தின் முழு வரலாறுமே இருக்கின்றது. பாலர் பாடசாலையிடம் பிள்ளைகளின் விபரம் உண்டு. வேலையாட்களின் வரவைப் பதிய விரல் அடையாள இயந்திரம் பூட்டிய கடையும் இதில் சேரும்.

அடையாள அட்டை இலக்கத்தையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். பிறந்த ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், ஆணா பெண்ணா என்பவை அந்த இலக்கத்துக்குள்ளேயே அடங்கியுள்ளன. அதனுடன் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவையும் ஒரே போட்டோ பிரதியில் கிடைத்தால், இன்னொருவர் பெயரில் தொலைபேசி இணைப்போ கடனோ பெற முயல்பவனுக்கு அது பெரிய வசதியாகிவிடும்.

மருத்துவத் துறையில் ஆபத்து எங்கே?

நோயாளியின் தகவல் வெளியே போவதற்குப் பெரும்பாலும் வாசல் உள்ளேதான் இருக்கின்றது. போர்த்துக்கலில் லிஸ்பனுக்கு அருகிலுள்ள பரெய்ரோ வைத்தியசாலைக்கு 2018ஆம் ஆண்டு 4 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய வைத்தியர்கள் 296 பேர். ஆனால் வைத்தியருக்குரிய அனுமதியுடன் கணினிக்குள் நுழையக்கூடிய கணக்குகள் 985 இருந்தன. பணியை விட்டுச் சென்றவர்களின் கணக்குகள் மூடப்படவில்லை. வைத்தியர் அல்லாத ஊழியர்களும் நோயாளிகளின் கோப்புகளைப் பார்க்கக் கூடியதாக இருந்தது.

எமது சிறு மருத்துவ நிலையங்களில் 985 கணக்குகள் இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கின்றது. அதன் கடவுச்சொல் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அல்லது நிலையத்தின் தொலைபேசி இலக்கமே கடவுச்சொல்லாக இருக்கும். பதிவு செய்யும் பிள்ளை, மருந்து கொடுக்கும் தம்பி, விடுமுறையில் வேலைக்கு வந்த மருமகன் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கின்றனர். யார் எதைப் பார்த்தார் என்று பின்னர் கேட்டால் விடை சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு ‘சிங்ஹெல்த்’ என்ற பெரிய சுகாதாரக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விபரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் சுமார் 1,60,000 பேர் பெற்ற மருந்துகளின் விபரமும் அதில் அடக்கம். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விபரமும் தப்பவில்லை. சிங்ஹெல்த்துக்கும் அதற்குக் கணினிச் சேவை வழங்கிய நிறுவனத்துக்கும் சேர்த்து 10 இலட்சம் சிங்கப்பூர் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இதில் கணினி நிறுவனத்தின் பங்கு 7,50,000 டொலர். ஏதோ கோளாறு நடப்பதற்கான அறிகுறிகளை ஊழியர் சிலர் முன்கூட்டியே கண்டிருந்தும், உரிய நேரத்தில் மேலிடத்துக்கு அறிவிக்கப்படவில்லை என விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. பிழையைச் சொன்னால் முதலாளி ஏசுவார் என்று வேலையாள் பயப்படும் இடத்தில் பிழை பெருகிக்கொண்டே போகும். எமது கடைகளுக்கும் இது பொருந்தும்.

எமது நாட்டு அனுபவமும் உண்டு. 2021ஆம் ஆண்டு தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்குரிய பெருமளவு தரவு, அரச கணினி முகிலிலிருந்து அழிந்துபோனது. 2023ஆம் ஆண்டு அதே அரச முகிலில் நடந்த தாக்குதலில், அரச மின்னஞ்சல்களின் சுமார் மூன்று மாதத் தரவு மீட்க முடியாமல் போனது. அக்காலத்துக்குரிய மேலதிகப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. தகவலைப் பாதுகாப்பது என்றால், பிறர் கையில் சிக்காமல் காப்பதோடு, தேவையான நேரத்தில் இல்லாமல் போகாமல் காப்பதும் அடங்கும். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்புத் தொலைந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது.

தண்டத்தை விடப் பெரிய நட்டம்

“ஒரு கோடி ரூபா தண்டம் என்பதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே, எமது சின்னக் கடையை யார் வந்து பார்க்கப் போகின்றார்கள்?” என்று சில வர்த்தகர்கள் கேட்கக் கூடும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. சட்டம் பிற்போடப்பட்ட கதையும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கின்றது.

ஆனால், சட்டம் வரும்வரை காத்திருக்காத ஒரு தண்டனை எமது ஊர்களில் ஏற்கனவே உண்டு. சிறிய ஊரில் பாமசி வைத்திருப்பவருக்கு, எந்த வீட்டில் யார் மனநோய்க்கு மருந்து எடுக்கின்றார், யாருக்கு வலிப்பு, எந்தத் தம்பதி பிள்ளைப்பேறுக்காகச் சிகிச்சை பெறுகின்றனர் என்பதெல்லாம் தெரியும். கடையில் நிற்கும் பையன் தேநீர்க் கடையில் வாய் தவறிச் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணப் பேச்சையே நிறுத்திவிடும். அந்தக் குடும்பம் வழக்குப் போடாது. அதிகார சபைக்கு எழுதவும் மாட்டாது. அடுத்த மாதம் முதல் பஸ் ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போய் மருந்து வாங்கும். சிலர் வெட்கத்தால் மருந்தையே நிறுத்திவிடுவர். அந்த நோயாளிக்கு ஏற்படும் தீங்குக்கு எந்தத் தண்டமும் ஈடாகாது.

தகவல் ஒருவர் எம்மிடம் ஒப்படைத்த பொருள். அமானிதம் என்ற சொல்லை எமது வர்த்தகர்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. சட்டம் தன் மொழியில் சொல்வதும் ஏறக்குறைய அதையேதான்.

இன்றே செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் செலவு தேவை என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றை ஒரு வார விடுமுறை நாளில் தொடங்கலாம்.

முதலாவது, பட்டியல் எடுங்கள். யாருடைய தகவல், எதற்காக வாங்கினோம், எங்கே இருக்கின்றது, யார் பார்க்கின்றார் என்று நான்கு நிரலில் எழுதினால் போதும். கொப்பி, கோப்பு, கணினி, கைத்தொலைபேசி, கமரா எதையும் விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, தேவையற்றதை நிறுத்துங்கள். இலக்கத்தைக் குறித்துக்கொண்டால் போதும் என்ற இடத்தில் அடையாள அட்டைப் பிரதி எதற்கு? வாங்காத தகவலைப் பாதுகாக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பூட்டும் ஆளும். கடதாசிக்குப் பூட்டுள்ள அலுமாரி, கணினிக்கு ஆளுக்கொரு கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். மின்னஞ்சலுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது சரிபார்ப்பையும் வையுங்கள். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு ‘சேஞ்ச் ஹெல்த்கெயர்’ நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, இந்த இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு வாசல் வழியாகத்தான். அதனால் நாடு முழுவதும் பாமசிகள் தடுமாறின. நிறுவனம் 2 கோடி 20 இலட்சம் டொலர் கப்பமும் செலுத்தியது.

நான்காவது, வெளியாட்களுடன் எழுத்தில் உடன்பாடு. கணக்கு மென்பொருள் தந்தவர், கூரியர் நிறுவனம், எஸ்.எம்.எஸ். அனுப்புபவர் ஆகியோரிடமும் உங்கள் வாடிக்கையாளரின் தகவல் இருக்கின்றது. அவர்கள் உங்களுக்காகவே அதைக் கையாளுகின்றனர். ஆகவே, அவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, விளம்பரத்தில் கவனம். டெலிவரிக்காகத் தந்த இலக்கத்துக்குப் பெருநாள் மலிவு விற்பனைச் செய்தி அனுப்புவது வேறு நோக்கம். விளம்பரச் செய்திக்கு முன்கூட்டியே சம்மதம் பெறுவதும், வேண்டாம் என்போர் செலவின்றி விலகிக்கொள்ள வழி வைப்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பாகும். வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்து, ஒருவரின் இலக்கத்தை மற்றவர் பார்க்க விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

ஆறாவது, அழிக்கும் முறை. வரிச் சட்டமோ மருந்துச் சட்டமோ வைத்திருக்கச் சொல்லும் பதிவேடுகளை உரிய காலம்வரை வையுங்கள். மற்றவற்றைக் கிழித்தோ எரித்தோ அழியுங்கள். பழைய கடதாசி வியாபாரிக்குக் கொடுக்க வேண்டாம். பழைய கணினியையும் தொலைபேசியையும் விற்குமுன் முழுமையாகத் துடைத்துவிடுங்கள்.

ஏழாவது, தவறு நேர்ந்தால் மறைக்க வேண்டாம். தரவு வெளியேறினால் அதிகார சபைக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டம் விதிக்கின்றது. யாருக்கு, எந்த ஒழுங்கில் சொல்வது என்பதை இப்போதே தீர்மானித்து வேலையாட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கையொப்பத்துடன் சம்மதக் கடிதம் வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறில்லை. ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றவோ சட்டக் கடமையைச் செய்யவோ தேவையான தகவலுக்குத் தனியான சம்மதம் வேண்டியதில்லை. பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க முகவரி கேட்பதற்குச் சம்மதப் படிவம் எதற்கு? அதேவேளை, எதற்கும் பயன்படும் என்று எண்ணி ஒரு பொதுக் கையொப்பம் வாங்கி வைப்பதும் பாதுகாப்பாகாது. நோயாளிகளின் தகவலைப் பெரிய அளவில் கையாளும் நிலையங்கள், தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டுமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது பொருத்தமாகும்.

எமது வர்த்தக சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே சட்டத்தரணியை நாடுவது செலவான காரியம். ஊர்ச் சங்கம் ஒன்று கூடி, தமிழில் ஒரு மாதிரி அறிவித்தலும் ஒரு மாதிரி உடன்பாடும் தயாரித்துக் கொடுத்தால் நூறு கடைகள் பயன்பெறும். ஆண்டுதோறும் படியையும் தராசையும் கொண்டுபோய் முத்திரை குத்துவதற்கு இன்று எந்த வியாபாரியும் தயங்குவதில்லை. அந்த முத்திரை வாங்குபவரின் மனதில் நம்பிக்கையை ஏற்படுத்துகின்றது என்பதை அனுபவத்தில் கண்டுள்ளோம். வாடிக்கையாளரின் தகவலைக் காப்பதும் அவ்வாறான ஒரு முத்திரையாக மாறும் காலம் வருகின்றது. வர்த்தமானியில் திகதி வரும்வரை காத்திராமல் அதற்கு முன்பே தயாராகும் கடைக்கு வாடிக்கையாளர்கள் தாமாகவே வருவர்.